சத்தம் போடாத பிரேக்

அந்தச் சத்தத்தை நிப்பாட்டச் சொல்லி அவனிடம் கேளாதையும், பிள்ளை.

குறை நினையாதையும். ஒட்டுக்கேட்டேன் என்றும் நினையாதையும். இந்தக் கராஜில் கிடக்கிறதே நாலு கதிரை. நீர் கவுண்டரில் நின்று சொன்னது எனக்கு மட்டுமில்லை, அந்த மூலையில் கோப்பி குடிக்கிற வெள்ளைக்காரருக்கும் கேட்டிருக்கும். தமிழ் விளங்காததால் மனிதர் தப்பினார். ஸ்நோவில் பிரேக் பிடித்தால் காலுக்குக் கீழே கறகற என்கிறது, சிநேகிதிகளை ஏற்றிக்கொண்டு போக வெட்கமாக இருக்கிறது, எதையாவது கழற்றி அதை நிப்பாட்ட முடியுமா என்று கேட்டீர். நான் பேசாமல்தான் இருந்தேன். வெட்கம் என்ற சொல்லைக் கேட்டதும் இருக்க முடியவில்லை.

இரும், இரும். இந்த மெக்கானிக் ஜெயசீலன் "இப்ப முடியும் அக்கா" என்றால் ஒரு தேத்தண்ணி ஆறிப்போகும் என்று அர்த்தம். நேரமிருக்கிறது.

என் பெயர் சுகிர்தா. அதோ, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒருவர் காருக்குள் குனிந்து பார்க்கிறாரே, சாம்பல் நிறத் தொப்பி, அவர்தான் எங்கள் ஆள், என் மனுசன். யோகநாதன். குனிந்து பார்த்து அவருக்கு என்ன விளங்கப்போகிறதோ தெரியாது. ஊரில் வங்கியில் இருந்தவர். இங்கே வந்து தபால் பிரித்தார். இப்போது பென்சன். கார் என்றால் ஏறுவது, ஓட்டுவது, இறங்குவது, பூட்டினேனோ என்று திரும்பிப் போய்ப் பார்ப்பது. நான் ஓட்டப் பழகவில்லை. பக்கத்தில் இருந்து சொல்ல ஒரு ஆள் வேண்டாமோ?

எங்களிடம் முதலிருந்த கார் கிழடு. அதில் இந்த ஏ.பி.எஸ். என்ற சாமானே இல்லை. இதை வாங்கிய பிறகு, போன மார்கழியில் முதல் ஸ்நோ விழுந்த அன்று, மரக்கறிக் கடைக்குப் போகிற வழியில் சிக்னலில் பிரேக் பிடித்தார். கறகறகற. அரிசி மில்லுக்குள் தலையை விட்ட மாதிரி. நான் கதவுப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னப்பா இது? எதை உடைச்சனீங்கள்?"

"ஒண்டும் உடையேல்லையப்பா. இது ஏ.பி.எஸ். சில்லு இறுகி நிண்டா கார் சறுக்கும். அதாலை இறுகவிடாமல் பிடிச்சுப் பிடிச்சு விடுது. பிரேக்கை மிதிச்சபடியே ஸ்ரியறிங்கைத் திருப்பலாமாம். புத்தகத்திலை போட்டிருக்கு. சத்தம் போட்டா அது வேலை செய்யுது."

"வேலை செய்யிறதுக்கு இப்பிடிக் கத்துறதோ? என்ரை மிக்ஸி கூட இப்பிடிக் கத்தாது."

அவர் சிரித்தார். அவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு சிரிப்பு.

நான் கொன்வென்ற்றில் படித்தவள், பிள்ளை. நாங்கள் இந்துக்கள்தான். ஆனாலும் அப்பா என்னை அங்கேதான் விட்டார், இங்கிலீஷுக்கும் ஒழுக்கத்துக்கும். சிஸ்ரர் பெனடிக்ரா என்று ஒரு மதர் சுப்பீரியர். அவ எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம் கதிரையை இழுக்கக்கூடாது, தூக்கி வைக்கவேண்டும். கரண்டி கோப்பையில் படக்கூடாது. கதவு சாத்தினால் சாத்தியது தெரியக்கூடாது. ஒரு வீட்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தால் அந்த வீட்டைப் பற்றி வெளியில் இருப்பவர்களுக்கு எல்லாம் தெரிந்துவிடும் என்பா. இன்றைக்கும் என் சமையலறையில் நான் நிற்பது பக்கத்து அறைக்குத் தெரியாது. அப்படிப்பட்டவளுக்கு இந்தக் கறகற எப்படி இருக்கும், சொல்லும். ரோட்டில் எல்லாரும் திரும்பிப் பார்ப்பது போல. ஒருவரும் பார்க்கவில்லை என்று இவர் சொல்வார். பார்க்காவிட்டாலும் கேட்கும்தானே?

சரி, அதோடு விட்டிருப்பேன். ஆனால் ஜனவரியில் சம்பந்தி ஆட்கள் வந்தார்கள்.

அப்போது அவர்கள் சம்பந்தி இல்லை, ஆகலாம் என்ற நிலை. என் மகள் ஆரணி பார்மசியில் வேலை. பொடியன் லண்டனில், பெயர் கிரிஷாந்த். யாருடையதோ கலியாணத்தில் சந்தித்து, எல்லாவற்றையும் தாங்களே பேசி முடித்துவிட்டார்கள். எங்களுக்கு மிச்சம் விட்டது கலியாணப் பேச்சுக்கால் மட்டும். தாய் தகப்பன் வந்து வீட்டைப் பார்த்து, எங்களைப் பார்த்து, ஓம் என்று சொன்னால்தான் எழுத்து, கலியாணப் பதிவு, எல்லாம் என்று பொடியன் சொல்லிவிட்டானாம். நல்ல பிள்ளை. தகப்பன் குகபாலன், பாலங்கள் கட்டின எஞ்சினியர். தாய் வதனி. வதனியும் கொன்வென்ற். என் கொன்வென்ற் இல்லை, வலைப்பந்தில் எங்களை எப்போதும் தோற்கடிக்கிற மற்றக் கொன்வென்ற். இப்போது விளங்கும் உமக்கு என் நிலை.

ஒரு கிழமை, ஏழு நாளும், எங்கள் வீட்டில்தான் தங்குவதாக ஏற்பாடு. திரைச்சீலை மாற்றினேன். பயித்தம் பணியாரம் சுட்டேன். இவருக்கு ஒரு புதுச் சுவெற்றர் வாங்கி, பழையதை ஒளித்தும் வைத்தேன். எல்லாம் வடிவாகத்தான் போய்க்கொண்டிருந்தது. எயர்போர்ட்டில் கும்பிட்டார்கள், கட்டிப்பிடித்தார்கள். வதனியின் சேலை, அந்த நீண்ட கோட்டுக்குக் கீழே தெரிந்த கரை மட்டும், நல்ல காஞ்சிபுரம். காரில் பேச்சு மெதுவாக, மரியாதையாகப் போனது. எங்கள் தெருவுக்குள் திரும்பும்போது இவர் பிரேக்கை மிதித்தார்.

கறகறகறகற.

வதனி என் பக்கம் திரும்பி, சத்தமே இல்லாமல், உதட்டால் மாத்திரம் கேட்பது போலக் கேட்டாள்: "கார் சுகமில்லையோ?"

என் காது மடல் வரை சுட்டது. இவர் முன்னாலிருந்து ஆசையாகத் தொடங்கினார், "அது அக்கா, இந்த ஏ.பி.எஸ். எண்டு..." நான் இடையில் புகுந்து, "செக்கண்ட் ஹாண்ட் கார், குடுக்கப்போறம்" என்றேன். குடுக்கிற எண்ணமே இல்லை. வாயில் வந்தது.

அடுத்த நாள் காலை அவர்கள் மேலே நித்திரை. என் தம்பி ரவீந்திரன் வாழையிலை கொண்டுவந்தான். அவன் கேற்றறிங் வான் ஓட்டுகிறவன். ஆகவே வாகனம் பற்றி உலகத்தில் அவனுக்குத் தெரியாதது இல்லை, அவனைக் கேட்டால். நான் விசயத்தைச் சொன்னதும் வாழையிலைக் கட்டை மேசையில் போட்டுவிட்டுச் சொன்னான்:

"ஏ.பி.எஸ்.ஸோ? ஸ்நோவிலை அது சனியன் அக்கா. பிரேக் பிடிக்கவிடாது. பிடி எண்டா விடும், விடு எண்டா பிடிக்கும். சில்லு இறுகினாத்தானே முன்னாலை ஸ்நோ குவிஞ்சு காரை நிப்பாட்டும்? நான் என்ரை வானிலை எப்பவோ பியூஸைக் கழட்டியாச்சு. பூ மாதிரி நிக்குது."

"சத்தம்?"

"ஒரு சத்தமும் இல்லை."

இவர் தேத்தண்ணியை ஊதிக்கொண்டு இருந்தார். "ஆழமான ஸ்நோவிலை நீ சொல்லுறது சரியா இருக்கும் ரவி. ஆனா ஐஸிலை சில்லு இறுகினா ஸ்ரியறிங் கேளாதெல்லோ? பிறகு கார் தன்ரை எண்ணத்துக்குப் போகும்."

"அத்தான், உங்களுக்குப் பயம். அதுதான் விசயம்."

"ஓம், பயம்தான்," என்றார் இவர். ஒத்துக்கொண்டுவிட்டார்! இந்த மனிதரோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

பிறகு நான் சொன்னது கொஞ்சம் கடுமைதான். சொல்கிறேன், கேளும். "உங்களுக்கு மானம் அவமானம் ஒண்டும் தெரியாதப்பா. வங்கியிலை உங்களுக்குக் கீழை இருந்தவன் உங்களுக்கு மேலை மனேச்சரா வரேக்கை மாலை வாங்கிக்கொண்டு போனவர்தானே நீங்கள். என்ரை பிள்ளையின்ரை சம்பந்தம் இது. அந்தப் பொம்பிளை கேட்ட கேள்வி எனக்கு நெஞ்சுக்குள்ளை நிக்குது. உங்களுக்கு நிக்குதோ?"

அவர் கோப்பையை வைத்தார். கொஞ்சம் சத்தமாகத்தான் வைத்தார். பிறகு ரவீந்திரனைப் பார்த்து, "குறடு வைச்சிருக்கிறியோ?" என்றார்.

பாரும், நான் கழற்றச் சொல்லவில்லை. நான் கேட்டது ஒரு கேள்வி. கழற்றியது அவர்கள்.

சத்தம் போய்விட்டது. ஆனால் ஒன்று போனால் இன்னொன்று வருமே! டாஷ்போர்ட்டில் ஒரு மஞ்சள் லைற் வந்து உட்கார்ந்துவிட்டது. இவர், "அது எச்சரிக்கை, அணைக்கேலாது, இருக்கட்டும்" என்றார். இருக்கட்டுமாம். பக்கத்துச் சீற்றில் இருக்கப்போகிறவர் எஞ்சினியர். ஏறி இருந்ததும் முதலில் அதைத்தானே பார்ப்பார்? நான் முன் சீற்றில் இருந்து யோசித்தேன். எங்கள் பெண்டுகள் ஏறுகிற கார்களில் சண் வைசர் கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தால் என்ன இருக்கும், உமக்குத் தெரியும். உம்முடையதிலும் இருக்கும். ஒட்டி மறந்துபோன ஸ்ரிக்கர் பொட்டுகள். அதில் ஒன்றை எடுத்தேன். மெரூன் நிறம், ஓரத்தில் மெல்லிசாகப் பொன் வளையம். அளவும் சரியாக இருந்தது. அந்த லைற்றுக்கு மேலே, பிளாஸ்ரிக்கில், அழுத்தி ஒட்டிவிட்டேன்.

இவர் பார்த்தார். "சுகிர்தா," என்றார்.

அன்றைக்குப் பகல் கலியாண மண்டபம் பார்க்கப் போக ஏற்பாடு. ஆரணி வேலையில். நாங்கள் நாலு பேர். குகபாலன் முன்னால், வதனியும் நானும் பின்னால். ஏறி இருந்ததும் குகபாலன் அந்தப் பொட்டைப் பார்த்துவிட்டார். நான் ஒரு பதில் தேடத் தொடங்கினேன். அவரோ முகமெல்லாம் சிரிப்பாக, "அட, காருக்கும் பொட்டு வைச்சிருக்கிறியள்!" என்றார்.

"ஓம், நான்தான் வைச்சனான்," என்றேன் நான் பின்னாலிருந்து. "வாகனத்துக்கும் ஒரு லட்சணம் வேணுமெல்லோ. வெள்ளிக்கிழமையிலை கற்பூரமும் காட்டுறனான்."

வதனி என் கையைத் தட்டினாள். "உங்களிட்டை எவ்வளவு பழகவேணும் நாங்கள். லண்டனிலை எல்லாம் விட்டுப்போச்சு." பிள்ளை, அந்த ஒரு நிமிசம் நான் வலைப்பந்தில் வென்றேன்.

மண்டபம் ஆற்றுப் பக்கம் இறங்குகிற ரோட்டில். முதல் நாள் இரவு மழையா ஸ்நோவா என்று தெரியாத ஒன்று பெய்து, விடியப் பார்த்தால் எல்லாம் கழுவித் துடைத்தது போல இருந்தது. ரோட்டு கறுப்பாகத்தான் கிடந்தது. ஈரம் என்றுதான் நினைத்தோம். சரிவு தொடங்கும்போதே இவர் பிரேக்கை மிதித்தார். எப்போதும் நேரத்தோடு மிதிக்கிறவர்.

ஒரு சத்தமும் இல்லை.

உமக்கு எப்படிச் சொல்வது. கார் நிற்கவில்லை, ஆனால் ஓடவும் இல்லை. சில்லு சுற்றவில்லை, ஆனால் நாங்கள் போய்க்கொண்டிருந்தோம். வதனி பணியாரத்துக்குப் பயறு வறுக்கிற பக்குவம் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவ்வளவு அமைதி. கீழே ரோட்டு முடிகிற இடத்தில் ஒரு கடை, கடைக்கு முன்னால் சீமெந்தில் பெரிய பூந்தொட்டி. இடது பக்கம் வெறும் கார் நிறுத்துகிற இடம், ஒரு குருவி கூட இல்லை. இவர் ஸ்ரியறிங்கை இடது பக்கம் திருப்புவதை நான் கண்டேன். முழுக்கத் திருப்பினார். கார் அவரைக் கேட்கவில்லை. அது நேராகவே போனது, எங்கே போகவேண்டும் என்று தெரிந்த ஆளைப் போல.

இடித்தது பெரிதாக இல்லை. இன்றைக்கும் சொல்கிறேன், பெரிதாக இல்லை. ஆனால் வதனி கையை முன் சீற்றில் ஊன்றியிருக்கிறாள். மணிக்கட்டு. அவள் கத்தவில்லை, பிள்ளை. மூச்சை மட்டும் உள்ளே இழுத்தாள். மற்றக் கொன்வென்ற்றிலும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் போல.

இவர் திரும்பி, "எல்லாருக்கும் ஒண்டும் இல்லையோ? ஒண்டும் இல்லையோ?" என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தார். குகபாலன் ஆபத்துச் சிக்னலைப் போட முன்னால் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றார். அவர் இருந்த பக்கத்திலிருந்து பார்த்தால் பொட்டின் ஓரத்தால் மஞ்சள் கசிந்திருக்கும். நகத்தால் மெதுவாக உரித்தார். லைற் எரிந்தது. ஏ, பி, எஸ், மூன்று எழுத்தும் வடிவாகத் தெரிந்தது.

பொட்டு அவருடைய விரல் நுனியில். அதை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. எங்கேயும் ஒட்ட முடியாது, கீழே போடவும் முடியாது, பொட்டல்லவோ. விரலைப் பிடித்தபடி பின்னால் திரும்பினார், என் பக்கம். விரலை மட்டும் நீட்டினார்.

"அது நான் ஒட்டினது," என்றார் இவர்.

காரில் ஏறும்போது நான் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. லட்சணம், வெள்ளிக்கிழமை, கற்பூரம், எல்லாம். என் நெற்றியில் அதே மெரூன், அதே பொன் வளையம். வதனி வலியோடு என் நெற்றியைப் பார்த்தாள். பிறகு ஜன்னலால் வெளியே பார்த்தாள். இவரோ, "லைற் கண்ணிலை குத்திச்சுது, அதுதான் நான்... பியூஸும் நான்தான் கழட்டினனான்... என்ரை பிழை," என்று ஒன்றுக்கு மேல் ஒன்றாக. குகபாலனுடைய விரலிலிருந்து பொட்டை எடுத்தார். எடுத்துத் தன் புறங்கையில் ஒட்டிக்கொண்டார்.

எனக்கு என்ன வெட்கம் தெரியுமோ? பொய் சொன்னால் ஒரு பொருத்தம் வேண்டாமோ? ஆம்பிளை பொட்டு ஒட்டினானாம்! வேறு எதுவும் சொல்லியிருக்கலாம். லைற் இன்றைக்குத்தான் வந்தது என்றிருக்கலாம். வாங்கின இடத்திலேயே அப்படித்தான் தந்தார்கள் என்றிருக்கலாம். அவருக்கு வாழ்க்கையில் பொய் சொல்லிப் பழக்கம் இல்லை, அதுதான் என்னைச் சந்தியில் நிறுத்தியது.

நான் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று பார்க்கிறீர். பார்வையிலேயே தெரிகிறது. ஆண்கள் கதைக்கும்போது இடையில் விழுந்து பேசக்கூடாது என்று எங்களை வளர்த்தவர்கள், பிள்ளை.

சிரியாதையும்.

பிறகு பொலிஸ் வந்தது. இளம் பொடியன், சிவத்த கன்னம். இவர் வழுக்குகிற ரோட்டில் ஒரு கையால் கதவைப் பிடித்தபடி நின்று அவனுக்கு விளக்கினார். பேசும்போது கையை ஆட்டுகிற பழக்கம் அவருக்கு. ஆட்டுகிற கையில் பொட்டு. அந்தப் பொலிஸ்காரன் முகத்தைப் பார்ப்பதா கையைப் பார்ப்பதா என்று தெரியாமல் நின்றான். நான் காருக்குள் இருந்து கண்ணாடியால் பார்த்தேன். இறங்கிப் போய் அதை உரித்துவிடலாம் என்று நினைத்தேன். இறங்கவில்லை. சரியான வழுக்கல்.

ஆஸ்பத்திரியில் வதனிக்குக் கட்டுப் போட்டார்கள். குகபாலன் இவரை ஒரு பக்கம் கூட்டிக்கொண்டுபோய்க் கதைத்தார். எனக்குக் கேட்டது, கேட்கிற தூரத்தில்தான் நின்றேன். "வெறும் ஐஸ், யோகநாதன். ஏ.பி.எஸ். இருந்திருந்தாலும் நிண்டிருக்குமோ தெரியாது." பாரும்! எஞ்சினியரே சொன்னார். நின்றிருக்குமோ தெரியாது. இதை நான் ஆரணிக்கும் சொன்னேன், தம்பிக்கும் சொன்னேன், பக்கத்து வீட்டுச் சீனத்திக்கும் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் இன்னொன்றும் சொன்னார், "ஆனா திருப்பியிருக்கலாம்," என்று. அதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. நீர்தான் முதல் ஆள்.

ஆரணி வேலையிலிருந்து நேரே ஓடிவந்தாள். வதனியிடம் போனாள், தகப்பனிடம் போனாள். தகப்பனுடைய கையைப் பிடித்துப் புறங்கையை நெடுநேரம் பார்த்தாள். அப்போதும் அது அங்கேதான் இருந்தது. மனிதர் மறந்துபோனார். பிறகு என்னிடம் வந்தாள். இங்கே பிறந்த பிள்ளை, தமிழ் தேடித் தேடித்தான் பேசுவாள். அன்றைக்குத் தேடவில்லை.

"அப்பா பொட்டு வைக்கிறவரோ, அம்மா?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு என்னோடு அவள் பேசியது, சாப்பாடு இருக்கோ, குளிக்கத் துவாய் எங்கே, இப்படித்தான்.

அவர்கள் லண்டனுக்குப் போனார்கள், வதனி கட்டின கையோடு. எயர்போர்ட்டுக்கு ரவீந்திரனுடைய வானில் போனார்கள். அவன் அங்கே போகும்வரை ஏ.பி.எஸ். பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. போகும்போது வதனி சொன்னது, "பார்த்துச் சொல்லுறம்." இந்தச் சொல் உமக்குத் தெரியாது, நீர் சின்னப்பிள்ளை. எங்கள் ஆட்களிடம் பார்த்துச் சொல்கிறோம் என்றால் பார்த்தாயிற்று என்று அர்த்தம்.

அந்தக் கிழமைகளை நான் எப்படித் தள்ளினேன்! ஆரணி அறைக்குள் கிரிஷாந்தோடு போனில் குசுகுசு. சிலவேளை அழுகை. நான் கதவுக்கு வெளியில். இவர் காரைத் தொடவில்லை. முன்பக்கம் நெளிந்தபடி டிரைவ்வேயில் கிடந்தது, மேலே ஸ்நோ ஏறிக்கொண்டே போனது, ஒருநாள் பார்த்தால் கார் இருந்த இடத்தில் ஒரு மேடு. "ஓட்டுங்கோவன்" என்றால், "நடக்கிறது நல்லதெல்லோ," என்பார். பஸ்ஸில் போய் மரக்கறி வாங்கிவந்தார், தொப்பியெல்லாம் ஸ்நோ. என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசினால் நானும் ஏசலாம். ஏசிவிட்டு அழலாம். வீடு முழுக்க அப்படி ஒரு அமைதி. கரண்டி கோப்பையில் படுகிற சத்தம் கூட இல்லை. சிஸ்ரர் பெனடிக்ரா வந்து பார்த்திருந்தால் பரிசு தந்திருப்பா.

இன்னொன்று. இவருடைய பிரஷர் குளிசைகளை நான்தான் கிழமைக் கிழமை அந்தப் பெட்டியில் பிரித்துப் போடுகிறது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு அறை இருக்குமே, அந்தப் பெட்டி. அதில் ஞாயிற்றுக்கிழமை அறைக்குள் அந்தப் பியூஸ் கிடந்தது. சின்னது, மணிலாக்கொட்டை அளவு. தொலைந்துவிடாமல் அங்கே போட்டிருக்கிறார். நான் குளிசை போடும்போதெல்லாம் அதை வெளியே எடுத்து, குளிசையைப் போட்டு, அதைத் திரும்ப மேலே வைத்து மூடுவேன்.

போன கிழமை போன் வந்தது. வதனி. இவருடைய போனுக்கு. என் நம்பர் அவளிடம் இருக்கிறது, பயறு வறுக்கிற பக்குவம் அனுப்பச் சொல்லி வாங்கினவள். இவர், "ஓம் அக்கா... ஓம் அக்கா... கை எப்பிடி?... சுகிர்தா பக்கத்திலை நிக்கிறா, குடுக்கவோ?" என்றார். நான் கையை நீட்டினேன், பிள்ளை. சட்டை விளிம்பில் ஈரத்தைத் துடைத்துவிட்டு நீட்டினேன். இவர் கேட்டுக்கொண்டிருந்தார். "சரி, சரி," என்றார். போனை வைத்துவிட்டார்.

"என்னவாம்?"

"எழுத்துக்கு வருகினமாம். ஓமெண்டிட்டினம்."

கதிரையைப் பிடித்துக்கொண்டேன். "அவ்வளவும்தானோ? என்னோடை ஏன் கதைக்கேல்லை?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குச் சொல்ல விருப்பமில்லை என்றால் கண்ணாடி துடைப்பார்.

"சொல்லுங்கோவன்!"

"எயர்போட்டுக்கு நான்தான் வரவேணுமாம். என்ரை காரிலைதானாம். பிரேக் பிடிச்சா சத்தம் கேக்கவேணுமாம்." கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சொன்னார், "சத்தம் கேட்டால்தான் நம்பிக்கை எண்டு சுகிர்தாவிட்டைச் சொல்லுங்கோ எண்டவ."

எப்படிக் குத்துகிறாள், பார்த்தீரோ? அவர்கள் ஆரணிக்காகவும் வரவில்லை, எனக்காகவும் வரவில்லை. பொட்டு ஒட்டினேன் என்று பொய் சொன்ன இந்த மனிதருக்காக வருகிறார்கள். திரைச்சீலை மாற்றினது நான். பணியாரம் சுட்டது நான். நியாயமோ இது? சொல்லும். இல்லை, சொல்லாதையும்.

இன்றைக்குத்தான் வருகிறார்கள். இங்கேயிருந்து நேரே எயர்போர்ட்டுக்குத்தான். முன்பக்கத்து நெளிவை வேறு இடத்தில் எடுத்தாயிற்று. இங்கேயும் காரைத் தம்பிதான் ஓட்டிவந்து விட்டான், பியூஸைப் போட. போடுவது ஒரு வேலையே இல்லை, தம்பியே போட்டிருப்பான். இவர் விடவில்லை. ஜெயசீலன் போட்டு, சோதித்துப் பார்த்துத் தரவேண்டும் என்றார். காலையில் குளிசைப் பெட்டியைத் திறந்து, எடுத்து, சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பின் சீற்றில் வதனிக்குப் பக்கத்தில்தான் நான் இருக்கவேண்டும். இந்த ஸ்நோ பாரும், மார்ச் மாதமும் விடுகுதில்லை. வழியெல்லாம் பிரேக் பிடிக்கத்தான் போகிறார். வழியெல்லாம் அது கத்தத்தான் போகிறது. அவளுடைய கை கட்டு அவிழ்த்து இன்னும் மெலிந்துதான் இருக்கும், ரோட்டைப் பார்ப்பேனா அதைப் பார்ப்பேனா? நான் பஸ்ஸில் வீட்டுக்குப் போய்ச் சமைக்கிறேன், நீங்கள் போய்க் கூட்டிவாருங்கோ என்று சொல்லத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதுக்குள் நீர் வந்து வெட்கம் என்றீர்.

இன்றைக்கு நான் குங்குமம் வைத்திருக்கிறேன், கண்டீரோ. அந்த ஸ்ரிக்கர் பைக்கற்றை என்னால் திறக்க முடியவில்லை. சண் வைசரில் இருந்தவற்றையும் காலையில் உரித்துவிட்டேன். டாஷ்போர்ட்டில் பசை மட்டும் வட்டமாக இருக்கிறது. ஜெயசீலன் துடைக்கட்டுமா என்று கேட்டானாம். இவர் வேண்டாம் என்றாராம். ஏன் வேண்டாம் என்றார் என்று விளங்கவில்லை. விளங்குகிறது. விடும்.

அங்கே பாரும், முடித்துவிட்டான். பின்பக்கம் ஸ்நோ வாராத இடத்தில் ஓட்டிப் பார்க்கச் சொல்கிறான். இவர் ஏறிவிட்டார். ஜனவரிக்குப் பிறகு இன்றைக்குத்தான் ஸ்ரியறிங்கைப் பிடிக்கிறார். எப்படி இறுக்கிப் பிடித்திருக்கிறார் பாரும், கிணற்றுக் கயிற்றைப் பிடித்த மாதிரி. போகிறார். போகிறார். மிதியுங்கோவன்! மிதியுங்கோ!

கேட்குதோ?

கேட்குது. இந்தக் கண்ணாடிக்குள்ளாலும் கேட்குது. அந்த வெள்ளைக்காரரும் திரும்பிப் பார்க்கிறார், கோப்பி கையில் நிற்கிறது. திரும்பவும் மிதிக்கிறார். என்ன கத்துக் கத்துகிறது, பாரும், அப்பாடி.

ஐயா! அது எங்கடை கார்! ஓம், எங்கடைதான்!

என்ன பார்க்கிறீர்? அவருக்குத் தமிழ் விளங்காவிட்டால் என்ன. என் கோட்டை எடுத்துத் தாரும், பிள்ளை. ஐயோ, கதிரை இழுபட்டுப்போச்சு. இழுபடட்டும்.